துண்டு போட்ட இயந்திரங்கள்

போன மாதம் ஒரு நாள் காலை, நான் செம்பருத்திச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது பிரபு அலைபேசியில் அழைத்தான். வேடசந்தூர் பக்கம் நான் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்த நூற்பாலையில், என் இடத்துக்கு வந்திருக்கும் ஷிப்ட் மேற்பார்வையாளன் அவன். நல்ல பையன். அன்று குரல் பதறியது.

"சார், புதுசா ஸ்கிரீன் மாட்டிருக்காங்கல்ல, எந்த மிஷின் ஓடுது, எது நிக்குதுன்னு கலர்ல காட்டுமே. இப்ப அம்புட்டும் செவப்பா இருக்கு சார்."

"அம்புட்டும்னா?"

"இருபத்திநாலும். ஸ்கிரீன்தான் ரிப்பேருன்னு நெனச்சு ஆள வரச் சொல்லிருக்கேன்."

"ஸ்கிரீன விடுப்பா. ஷெட்டுக்குள்ள போயிப் பாத்தியா?"

நடக்கிற சத்தம் கேட்டது. கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. அதிலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"மிஷினும் நிக்குது சார்" என்றான்.

விடியற்காலையில் மின்சாரம் போய் வந்திருக்கிறது. வந்ததும் நேரம் வீணாகக் கூடாது என்று, ஆளுக்கு ஒரு வரிசையாக ஓடி எல்லா இயந்திரங்களையும் ஒரே மூச்சில் போட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான் நடந்தது. எப்படிச் சரிசெய்வது என்று தொலைபேசியிலேயே சொன்னேன். கேட்டுவிட்டு, "இதெல்லாம் எங்கயாச்சும் எழுதி வைங்க சார்" என்றான். தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவனிடம் இப்படிச் சொன்னால் அவன் சும்மா இருப்பானா?

பஞ்சாலைக்குள் வராதவர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். நூல் நூற்கும் இயந்திரத்தில் நூல் சுற்றும் நூற்றுக்கணக்கான குழல்கள், அதாவது பாபின்கள், வரிசையாகச் சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டு மணி நேரம்போல ஓடினால் எல்லாப் பாபின்களிலும் நூல் நிறைந்துவிடும், இயந்திரம் நிற்கும். உடனே ஆறு பெண்கள் கொண்ட ஒரு குழு வந்து நிறைந்த பாபின்களைப் பிடுங்கித் தள்ளுவண்டியில் போட்டு, காலிப் பாபின்களைச் சொருகி, திரும்ப ஓட்டிவிடும். இதற்கு டாஃப் எடுப்பது என்று பெயர். அந்தக் குழுவுக்கு டாஃபிங் கேங் என்று பெயர். எங்கள் ஷெட்டில் இருபத்திநான்கு இயந்திரங்களுக்கு ஒரு ஷிப்டில் இரண்டு கேங்.

சூட்சுமம் எல்லாம் ஒன்றில்தான் இருக்கிறது. இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிறைய வேண்டும். தெருவில் இருபது குழாய்களும் இருபது குடங்களும் இருந்து, தூக்குவதற்கு இரண்டே பேர் இருந்தால், எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறக்கக் கூடாது. திறந்தால் கொஞ்ச நேரம் இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். பிறகு இருபது குடமும் ஒரே நேரத்தில் வழியும்.

எனக்கு இதைப் பழக்கியவர் ஒரு ஸ்பின்னிங் மாஸ்டர். பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு வருடம் அவருக்குப் பின்னால் நடந்தேன், அவர் என் காலை மூன்று முறை மிதித்தார், அதிகம் பேசமாட்டார். மின்சாரம் வந்தால் ஒரு இயந்திரத்தைப் போட்டுவிட்டு வெற்றிலை மடிப்பார். மடித்து வாயில் போட்டதும் அடுத்த இயந்திரத்தைப் போடுவார். இருபத்திநான்கு இயந்திரம் என்றால் இருபத்திநான்கு வெற்றிலை. நீண்ட மின்வெட்டு நாட்களில் அவர் வாய் இரண்டு நாளைக்குச் சிவந்தே இருக்கும்.

அதன்பிறகு வந்த மேலாளர்கள் பலர். ஒருவர் இயந்திரங்களுக்கு எண்ணெய் போட்டுப் பழுது பார்க்கும் நாளை, அய்யலூர் ஆட்டுச்சந்தை கூடும் நாளில் வைத்தார். அன்றைக்கு ஃபிட்டர்கள் அத்தனை பேருக்கும் வயிற்றுவலி வந்தது. அடுத்த வாரமும் வந்தது. மூன்றாவது வாரம் மேலாளரே சந்தைக்குப் போய்ப் பார்த்தார். ஆட்டுக்குப் பல் பார்த்துக்கொண்டிருந்த தலைமை ஃபிட்டர் அவரைக் கண்டதும் பதறாமல், "வாங்க சார், இந்தக் கெடா நல்லாருக்கு, பாக்குறீகளா?" என்றாராம். மேலாளர் கிடாயோடு திரும்பி வந்து, எண்ணெய் போடும் நாளை மாற்றினார். எங்கள் ஊரில் ஒரு நிறுவனத்தின் நாட்காட்டியை அலுவலகம் மட்டும் தீர்மானிப்பதில்லை என்று அன்று தெரிந்துகொண்டேன்.

ஆனால் பிரபுவுக்காக எழுத வேண்டியது குழந்தைவேலு சாரின் காலத்து விஷயம்.

குழந்தைவேலு சார் பழனிப் பக்கத்துக்காரர். உற்பத்தி மேலாளராக வந்தார். மெலிந்த உடம்பு, இஸ்திரி கலையாத அரைக்கைச் சட்டை, பையில் ஒரே ஒரு பேனா. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பதினெட்டு வயது அப்ரண்டிஸைக்கூட 'ங்க' போட்டுத்தான் கூப்பிடுவார். அவரிடம் யாராவது எதையாவது சொன்னால், கடைசிவரை கேட்டுவிட்டு "நல்லதுங்க" என்பார். முதல் மாதம் நாங்கள் எல்லோரும் ஏமாந்தோம். பிறகுதான் அதில் மூன்று வகை இருப்பது புரிந்தது. சட்டென்று சொன்னால் உண்மையிலேயே நல்லது. இழுத்துச் சொன்னால், நீ சொன்னது நடக்காது. பேனாவை மூடிவிட்டுச் சொன்னால் யாருக்கோ மெமோ வருகிறது. எந்தத் துறைத் தலைவரும் அவர் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார். பேனாவைப் பார்த்துத்தான் பேசுவார்.

ஒரு நாள் என்னை அறைக்குக் கூப்பிட்டார். அவருடைய அறை ஷெட்டை ஒட்டியது. நடுவில் பெரிய கண்ணாடி, அதன் வழியே இயந்திர வரிசைகள் தெரியும்.

"ஏனுங்க, தலைமை ஆபீஸ்ல இருந்து சொல்லிப்போட்டாங்க. டாஃபிங்ல ரெண்டு பேரைக் கொறைக்கோணுமாமுங்க. அந்த ரெண்டு பேரு நம்ம கரூர் ரோட்டு யூனிட்டுக்குப் போகோணும்."

"அங்க நம்ம பஸ் போகாதே சார். ரெண்டு பஸ் மாறணும். பொம்பளைங்க எப்படிப் போவாங்க? வேலைய விட்டுட்டுத்தான் நிப்பாங்க."

"தெரியுமுங்க" என்றார். பேனா திறந்துதான் இருந்தது. "ஆரைக் கொறைக்கறதுன்னு நான் சொன்னா அது பாவமுங்க. போட்டி வெச்சுப் பாத்தர்லாமுங்க. இந்த மாசம் முழுக்க, எந்த கேங் அதிக டாஃப் எடுக்குதோ அது அப்படியே இருக்கட்டும். கம்மியா எடுக்கற கேங்குல ரெண்டு பேரை, அந்த கேங் லீடரே சொல்லட்டுமுங்க. அப்பறம், இந்தப் பாதி உனக்கு, அந்தப் பாதி எனக்குன்னு இருக்குதல்லங்க? அது வேண்டாமுங்க. ஷெட்டு பொது."

எனக்கு இது நியாயமாகத்தான் பட்டது. இன்னும் சொல்லப்போனால் பிடித்திருந்தது. அன்று மாலையே அட்டையில் இரண்டு நிற மையில் கோடு போட்டு ஒரு மதிப்பெண் பலகை தயாரித்தேன். கோடு ஒன்றுகூடக் கோணவில்லை.

இரண்டு கேங்குக்கும் தலைவிகள் உண்டு. ஒருத்தி ராஜாத்தி, அகரத்திலிருந்து மில் பஸ்ஸில் வருகிறவள். மற்றவள் ஸ்டெல்லா, பக்கத்து ஊர், ஸ்கூட்டரில் வருவாள். இரண்டு பேரும் வேலையில் புலிகள். பத்து வருடமாக ஒருவருக்கொருவர் நேராகப் பேசியதில்லை. பேச வேண்டியதை மூன்றாவது ஆளைப் பார்த்துச் சத்தமாகச் சொல்வார்கள். பெரும்பாலும் அந்த மூன்றாவது ஆள் நான்.

போட்டி தொடங்கிய மூன்றாம் நாள் ஒரு காட்சியைப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்த ஓர் இயந்திரத்தின் தலைமாட்டில் பச்சைத் துண்டு ஒன்று கிடந்தது. எடுத்து மடித்து வைக்கப் போனேன்.

"அண்ணே, அது எங்க துண்டு. எடுக்காதீக!" ராஜாத்தி பாதி ஷெட் தாண்டிக் கத்தினாள். அந்த இரைச்சலில் பேசுவதே கத்துவதுதான்.

"எதுக்கு இங்க கெடக்கு?"

"மிஷின் நெறையப் போகுதுல்ல. எங்களுக்குன்னு போட்டு வச்சிருக்கோம்."

நம் ஊர்ப் பேருந்தில் சன்னல் வழியாகத் துண்டை எறிந்து இடம் பிடிக்கிற வழக்கம் இயந்திரத்துக்கு வந்துவிட்டது. மறுநாள் ஸ்டெல்லா கேங்கிலிருந்து மஞ்சள் துண்டுகள் வந்தன. துண்டு விழுந்த இயந்திரத்தை அடுத்தவர் தொடமாட்டார். சண்டை எவ்வளவு இருந்தாலும் அந்த ஒரு மரியாதையை இரண்டு பக்கமும் காத்தன. அதுதான் வினையாகப் போனது. பச்சைத் துண்டு போட்ட இயந்திரம் நிறைந்து நின்றுவிடும். ராஜாத்தி கேங் வேறு மூலையில் இருக்கும். ஸ்டெல்லா கேங் அதன் அருகிலேயே சும்மா நிற்கும், ஆனால் தொடாது.

"அண்ணே, சிலபேரு துண்டப் போட்டா மிஷினே பத்திரப்பதிவு ஆயிருச்சுன்னு நெனப்பு" என்பாள் ஸ்டெல்லா, என்னைப் பார்த்து.

"அண்ணே, சிலபேருக்குத் துண்டு வாங்கவே துப்பில்ல, மாமியா வீட்டுக் கைப்பிடித் துணியக் கொண்டாந்து போடுறாக" என்பாள் ராஜாத்தி, அதுவும் என்னைப் பார்த்து.

இன்னொன்றும் நடந்தது. எண்ணிக்கையைக் கூட்டுவதற்காக, முழுதாக நிறையாத இயந்திரங்களிலேயே அவசரமாக டாஃப் எடுக்க ஆரம்பித்தார்கள். அடுத்தடுத்து ஐந்தாறு இயந்திரங்களைக் காலி செய்துவிட்டால் அவை ஐந்தாறும் ஒன்றாகத்தான் நிறையும். இது ஒரே நாளில் நடந்திருந்தால் எனக்கு உறைத்திருக்கும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இயந்திரங்கள் ஒன்றை ஒன்று நெருங்கி வந்தன. நான் மதிப்பெண் பலகைக்கு மை வாங்கப் போயிருந்தேன்.

இரண்டாம் வாரம் குழந்தைவேலு சார் என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, டாஃப் கூடிட்டே போகுதுங்க. கிலோ கொறஞ்சுட்டே போகுதுங்க. அப்ப நூல் எங்கீங்க போகுது?"

அவர் பேனாவை மூடி, "நல்லதுங்க" என்றார்.

அன்று பிற்பகல் வாயிலில் எல்லோருடைய சாப்பாட்டுப் பாத்திரத்தையும் காவலர் திறந்து பார்த்தார். நூல் திருட்டு என்ற சந்தேகம். ராஜாத்தியின் டப்பாவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். வெள்ளை வெளேர் என்று, சுற்றிச் சுற்றி, ஏதோ மிச்சமிருந்தது.

"என்னத்தா இது?"

"இடியாப்பம்யா! சோத்துச் சட்டிக்குள்ள நூலையா ஒளிச்சுக் கொண்டுபோவேன்? நாலு கண்டு மிச்சம் இருக்கு, தின்னு பாரு. தின்னுட்டு எத்தனாம் நம்பர் நூலுன்னு சொல்லு!"

காவலர் தின்று பார்க்கவில்லை. ஆனால் வரிசை முழுக்கச் சிரித்ததால் சோதனை அன்றோடு நின்றது.

அடுத்த வாரம் ஒரு நாள் முற்பகலில் அது நடந்தது. முதலில் ஒரு வரிசை நின்றது. பிறகு எதிர்வரிசை. பச்சைத் துண்டும் மஞ்சள் துண்டுமாக எல்லா இயந்திரங்களும் நிறைந்து, ஒன்றன்பின் ஒன்றாக அடங்கி, கடைசி இயந்திரமும் நின்றது. வேலை நடக்கும் நேரத்தில், மின்சாரம் இருக்கும்போது, ஷெட் அமைதியானதை நான் அதுவரை கண்டதில்லை. காதுக்குள் ஏதோ கழன்று விழுந்ததுபோல இருந்தது.

வருடக்கணக்காகக் கத்திப் பேசியே பழகிய வாய்கள் சட்டென்று நிற்குமா? அந்த அமைதியில் ராஜாத்தியின் குரல் மட்டும் தனியாக, முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

"...இந்த நல்லதுங்க மனுசன் ஒரு நாளைக்குக் குனிஞ்சு டாஃப் எடுத்துப் பாக்கட்டும்டி, இடுப்பு கழண்டு கையில வந்துரும்!"

குழந்தைவேலு சார் கதவைத் திறந்துகொண்டு உள்ளே நின்றார்.

ராஜாத்தி கையிலிருந்த பாபினைத் தவறவிட்டாள். அது உருண்டு போய் எங்கோ முட்டிய சத்தம்கூடக் கேட்டது.

"நல்லதுங்க" என்றார் சார். எந்த வகை என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அந்த ஆலையில் எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்து நடக்கவில்லை, இரைச்சலைக் கேட்டுத்தான் நடந்தார்கள் என்பது அன்றுதான் தெரிந்தது. ஷிப்ட் மாறும்போது துடைப்பதற்காக எல்லா இயந்திரங்களையும் சற்று நிறுத்துவோம் என்பதால், இரைச்சல் நின்றதும் ஷிப்ட் முடிந்துவிட்டது என்று நினைத்து கேன்டீன் பாய் டீயைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். வேப்பமரத்தடியில் உறங்கிக்கொண்டிருந்த பஸ் ஓட்டுநர் எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, வண்டியை எடுத்து வாயிலில் நிறுத்தினார். காவலர் பெரிய கதவைத் திறந்துவிட்டார். திறந்த கதவு வழியாக உள்ளே வந்தது தலைமை அலுவலகத்துக் கார். வாயிலை அடைத்துக்கொண்டு பஸ், பஸ்ஸுக்கு முன்னால் கார், நடுவில் டீ கேனோடு பாய். காரிலிருந்து இறங்கியவர் முதலில் கேட்டது, "இன்னைக்கு லீவா?" என்பதுதான்.

அவர் போனபிறகு குழந்தைவேலு சார் என்னிடம் சொன்னார்: "இந்த மாசக் கடைசியில அவருக்கு முடிவு வேணுமாமுங்க. கம்மியா வர்ற கேங்குல ரெண்டு பேரு. மாத்தமில்லீங்க."

மறுநாள் பிற்பகல் ஷிப்ட் முடிந்து நான் மில் பஸ்ஸில் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். ஸ்டெல்லா ஸ்கூட்டரை நிழலில் விட்டுவிட்டுப் பஸ்ஸில் ஏறினாள்.

"என்ன ஸ்டெல்லாக்கா, வண்டி மக்கரா?" என்றார் ஓட்டுநர்.

"ஒங்க வண்டி எம்புட்டு மக்கருன்னு பாக்க வந்தேன். ஓட்டுங்க."

நேராகப் போய் ராஜாத்தியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பஸ் முழுக்கப் பேச்சு நின்றது. எனக்குச் சரியாகப் பின் இருக்கை. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"என்னத்தா, ரொம்ப தூரம்" என்றாள் ராஜாத்தி.

"நான் மூணு டாஃப் கூட இருக்கேன். தெரியுமா?"

"அதச் சொல்லவா டிக்கெட் இல்லாம பஸ் ஏறுன?"

"நீ தோத்தா யாரச் சொல்லுவ?"

ராஜாத்தி கேங்கில் வயதில் மூத்தவள் பேச்சியம்மாள். முழங்கால் வலி, குனிந்து நிமிர மற்றவர்களைவிட நேரமாகும். வீட்டில் படுக்கையில் கிடக்கிற கணவர். அந்த வீட்டுக்குள் வருகிற ஒரே சம்பளம் அவளுடையது. பேச்சியம்மாள் அப்போது இரண்டு இருக்கை தள்ளி, கம்பியில் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"நீ தோத்தா யாரச் சொல்லுவ? அத மொதல்ல சொல்லு" என்றாள் ராஜாத்தி.

"எங்கூட்டத்துல யாரு மெதுவுன்னு ஷெட்டுக்கே தெரியும். அமலா. எம் புருசனோட கூடப்பொறந்தவ. நாத்தனார வேலைய விட்டு அனுப்பிட்டு நான் எந்த வீட்டுக்குப் போறது? எங்க மாமியா எனக்கு வெஞ்சனம் வைக்குமா, வெசம் வைக்குமா?"

ராஜாத்தி சிரித்துவிட்டாள். ஸ்டெல்லாவும் சிரித்தாள். பத்து வருடத்தில் அவர்கள் சேர்ந்து சிரித்ததை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கண்ணைத் திறக்க முடியாத நிலையில் இருந்தேன்.

"அப்ப என்ன செய்யலாங்குற?"

"சமமா வந்துட்டா? தோத்தாகன்னு மேனேஜரு யாரச் சொல்லுவாரு?"

"எப்படி வரும்? அன்னைக்கு நீ ஒண்ணு கூட, இன்னைக்கு நான் ஒண்ணு கூட."

"நீ ஒரு மிஷின்ல கை வச்சதும் துண்டத் தூக்கிக் காட்டு. அப்புறந்தான் நான் அடுத்ததுல கை வைப்பேன். நான் காட்டுனதும் நீ. நெறஞ்ச மிஷின மட்டுந்தான் தொடணும். துண்டு போட்டு எடம் புடிக்கிற வேலையே கூடாது."

"நடுவுல நீ முந்திக்கிட்டா?"

"முந்துனவ மறுநாள் பன்னெண்டு பேருக்கும் கோழிக்கொழம்பு வச்சுக் கொண்டாரணும்."

"நாட்டுக்கோழி."

"சரி, நாட்டுக்கோழி. கூட இருக்குற மூணையும் நாளைக்கே விட்டுக்குடுத்துர்றேன்."

கொஞ்ச நேரம் கழித்து ராஜாத்தியின் குரல் தணிந்தது. "முன்னால அண்ணன் இருக்காரே."

"அவரு தூங்குறாரு" என்றாள் ஸ்டெல்லா. "இல்லண்ணே?"

"ஆமா" என்று சொல்லியிருப்பேன். நல்லவேளையாகப் பஸ் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது.

என் நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தில் 'பேருந்தில் உறங்கினேன்' என்று எழுதியிருக்கிறேன். அதற்கு முன்னும் பின்னும் அந்த வரி எங்கும் இல்லை.

மறுநாளிலிருந்து ஷெட்டில் துண்டுகள் இயந்திரத்தில் கிடக்கவில்லை, கைகளில் உயர்ந்தன. ஒரு மூலையில் பச்சை, எதிர்மூலையில் மஞ்சள், மறுபடி பச்சை. ஒருத்தி தொடங்கிய பிறகே மற்றவள் தொடங்கியதால், இயந்திரங்கள் ஒன்றுக்கொன்று இடைவெளிவிட்டே கிளம்பின. இடைவெளிவிட்டுக் கிளம்பியவை இடைவெளிவிட்டே நிறைந்தன. நாலைந்து நாளில் ஒரு இயந்திரம் நிறைந்து நிற்பதற்கும் ஒரு கேங் வந்து சேர்வதற்கும் அப்படி ஒரு பொருத்தம். யாரும் ஓடவில்லை. பேச்சியம்மாள் முழங்காலைத் தடவிக்கொள்ளக்கூட நேரம் இருந்தது. சமமாக வர வேண்டும் என்பது மட்டும்தான் அவர்கள் நோக்கம். ஒருவரை ஒருவர் ஏமாற்றாமல் இருப்பதற்காக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே வேலை செய்தார்கள். கிலோ ஏறியது. மாதத்தின் அந்தக் கடைசிப் பத்து நாள் உற்பத்தியைப்போல நான் அதுவரை பார்த்ததில்லை.

குழந்தைவேலு சார் என் பலகையை முன்னால் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க, ரெண்டு கேங்கும் ஒரே எண்ணிக்கைங்க."

"ஆமா சார்."

"ஒண்ணுகூட வித்தியாசமில்லீங்க."

"கடுமையான போட்டி சார்."

அவர் கண்ணாடி வழியே பார்த்தார். அடுத்த ஷிப்ட் அது, துண்டு எதுவும் தெரியவில்லை. ஆனால் அவர் முந்தின பத்து நாட்களும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். பிறகு தொலைபேசியை எடுத்துத் தலைமை அலுவலகத்திடம் பேசினார்.

"ரெண்டும் சமமா நின்னுபோச்சுங்க... ஆமாங்க, உற்பத்தி நல்லாத்தான் இருக்குதுங்க... இல்லீங்க, கொறைக்காம விட்டர மாட்டனுங்க. தோத்தவங்க ஆருன்னு தெரியாம எப்படீங்க கொறைக்கறது? அடுத்த மாசம் பாத்தர்லாமுங்க."

வைத்துவிட்டு என்னிடம், "போட்டி அடுத்த மாசமும் இருக்குதுன்னு சொல்லிப்போடுங்க. கம்மியா வர்ற கேங்குல ரெண்டு பேரு. அதுல மாத்தமில்லீங்க" என்றார்.

நான் போய்ச் சொன்னேன். ராஜாத்தி தலையில் அடித்துக்கொண்டாள். "மறுபடியுமா? இந்த மனுசனுக்கு வீட்டுல வேல வெட்டி எதுவும் இல்லையா?"

அடுத்த மாதமும் சமம். அதற்கடுத்த மாதமும் சமம். ஒவ்வொரு முறையும் அவர் தலைமை அலுவலகத்திடம் அதே குரலில், அடுத்த மாதம் பார்த்துவிடலாம் என்றார். எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. இப்போது எண்ணிப் பார்த்தால், ஷெட்டில் இருந்த பன்னிரண்டு பேருக்கும் தாங்கள் மேலாளரை ஏமாற்றுவதாக நினைப்பு. மேலாளருக்கு அந்த நினைப்பு கலையாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. போட்டியை ரத்து செய்துவிட்டால் துண்டுகள் கைகளில் உயர்வதும் நின்றுவிடும், இரண்டு பேரையும் குறைத்தாக வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதைப் பற்றி நாங்கள் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை.

என் கடைசி வருடத்தில் ஒரு மாதக் கடைசி நாள். ஷிப்ட் முடியப் போகிறது. ராஜாத்தி கேங் தங்கள் கடைசி இயந்திரத்தை முடித்துவிட்டது. ஸ்டெல்லா கேங் ஒன்று எடுத்தால் கணக்கு சமம். அவர்கள் இயந்திரத்தை நோக்கித் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வரும்போது சக்கரம் கழன்று, வண்டி சாய்ந்து, காலிப் பாபின்கள் தரை முழுக்க உருண்டன. அமலா அவற்றைத் துரத்திக்கொண்டு இயந்திரங்களுக்கு அடியில் தவழ்ந்தாள்.

நான் மேலாளர் அறையில் இருந்தேன். ஷிப்ட் முடியும்போது ஒலிக்கும் சங்கின் பொத்தான் அங்கே சுவரில்தான் இருக்கிறது. வேறு யாரும் அதைத் தொடக் கூடாது, அவர்தான் அழுத்துவார். எழுந்து போய்ப் பொத்தான் மேல் விரலை வைத்தார். கண்ணாடி வழியே பார்த்தார். விரல் அப்படியே நின்றது.

இது சமமாகாமல் போனால் அன்று மாலையே அவர் தலைமை அலுவலகத்துக்குத் தோற்றவர்கள் யார் என்று சொல்லியாக வேண்டும். ஸ்டெல்லா இரண்டு பெயர் சொல்லியாக வேண்டும்.

"ஏனுங்க, உங்க வாட்ச்ல மணி ஆயிருச்சுங்களா?"

என் கைக்கடிகாரம் வானொலி மணியோடு தினமும் ஒப்பிட்டுத் திருத்தப்படுவது. அது ஆகிவிட்டது என்றது.

"இன்னும் ஆகல சார்" என்றேன்.

"எனக்கும் அப்படித்தானுங்க தெரியுது."

வெளியே பஸ் ஓட்டுநர் ஹாரன் அடித்தார். ஒரு முறை, பிறகு விடாமல். ஷெட்டுக்குள் பாபின்களைப் பொறுக்கி முடித்திருந்தார்கள், ஆனால் இயந்திரம் இன்னும் பாதிகூட ஆகவில்லை. அப்போது ராஜாத்தி தன் பச்சைத் துண்டை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள். அவள் பின்னால் அவளுடைய கேங் மொத்தமும் நடந்தது. பேச்சியம்மாள்கூட நொண்டிக்கொண்டே போனாள். போய் ஸ்டெல்லாவின் இயந்திரத்தில் கை வைத்தார்கள்.

குழந்தைவேலு சார் கண்ணாடிக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோனார்.

"ஏனுங்க, ஒரு மிஷின்ல பன்னெண்டு பேர் நிக்கறாப்ல தெரியுதுங்களே?"

"கண்ணாடி அழுக்கு சார். ஒண்ணு ரெண்டாத் தெரியும்."

"அப்படிங்களா? தொடைக்கச் சொல்லோணுமுங்க."

இயந்திரம் சுற்ற ஆரம்பித்தது. சார் சங்கை அழுத்தினார். பஸ்ஸில் அன்று எல்லோரும் ஓட்டுநரிடம் திட்டு வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனோம்.

நான் ஓய்வுபெறும்வரை அந்தக் கண்ணாடியைத் துடைக்க அவர் ஆள் அனுப்பவில்லை. நானும் நினைவூட்டவில்லை.